என்னை நன்றாகத் தெரிந்தவர்

இன்று காலை அந்த ஆராய்ச்சிப் பெண் ரத்தம் எடுப்பதற்காகப் பஞ்சால் என் கையைத் துடைத்தாள். ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறியதுமே உன் ஞாபகம் வந்துவிட்டது. ஃபோர்ஜிங் ஷாப்பில் பழுத்த இரும்போடு காலம் தள்ளியவன் நீ, ஊசியைக் கண்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாய்.

வயதானால் மூளை எப்படி மாறுகிறது, மறதி நோய் யாருக்கு வரும் என்று பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து செய்கிற ஆராய்ச்சி இது. ஓசூரில் நம் தெருவையும் அதில் சேர்த்திருந்தார்கள். "நாம ஏறாத பிளேன்ல நம்ம மறதி ஏறிப் போவுது பாருடா" என்று சிரித்தாய்.

முதல் வருஷம் தெருவே கூத்தடித்தது. அந்தப் பெண் சில சொற்களைப் படிப்பாள். கொஞ்ச நேரம் வேறு பேசிவிட்டு அவற்றைத் திருப்பிச் சொல்லச் சொல்வாள். முதலில் போய் வந்தவர்கள் டீக்கடையில் சொற்களை அவிழ்த்துவிட, கம்பெனி டெஸ்டுக்குப் படிப்பது போல எல்லோரும் உருப்போட்டோம். நாற்காலி, ஆறு, பூட்டு என்று நீ கடகடவென்று ஒப்பித்தாய்.

அடுத்த முறை அவள் உஷாராகி வேறு சொற்களோடு வந்தாள். நீ மறுபடியும் நாற்காலி, ஆறு, பூட்டு என்றாய். குறும்பு செய்கிறாய் என்று நினைத்துச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

பிறகு, உன்னை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் உன்னைப் பற்றிக் கேட்க வேண்டும் என்றாள். நீ என்னைக் கைகாட்டினாய். உன் மகன் பக்கத்து அறையில் இருந்தான். காதில் விழுந்தால் பைக் சாவியை வாங்கிவிடுவான். பைக் இல்லாத உன்னை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை. நான் தயங்கியதைப் பார்த்து, "உள்ளதச் சொல்லுடா. நீயும் மழுப்பினா நான் யார நம்பறது?" என்று கேட்டுவிட்டு வெளியே போய் நின்றாய்.

சொன்னேன். பாகலூர் ரோட்டில் வீட்டுக்கு வழி தெரியாமல் நீ நின்றதையும் சொன்னேன்.

"எல்லாத்தையும் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

சாவியை நீயே எடுத்து மகன் கையில் கொடுத்துவிட்டு என்னைக் காட்டினாய். "இனிமே இவன் வண்டியிலயே பின்னால உக்காந்துக்கறேன்."

அப்படித்தான் கடைசிவரை வந்தாய். பின்னால் இருந்தபடியே அதட்டி அதட்டி வழி சொல்வாய், பாதி தப்பாக இருக்கும். என் பெயர் உனக்கு மறந்துபோன பிறகும் என் வண்டிச் சத்தம் கேட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவாய்.

இன்று ரத்தம் எடுத்து முடித்ததும் அவள் டேப் கணினியைத் திறந்தாள். "உங்கள நல்லாத் தெரிஞ்சவங்க யாராச்சும் ஒருத்தர் பேர் சொல்லுங்க சார்."

உன் பெயரைச் சொன்னேன்.

அவள் விரல் அப்படியே நின்றது. நீ போய்ச் சேர்ந்த செய்தியை அதே டேப்பில் பதிந்துகொண்டு போனவள் அவள்தான். எனக்கும் ஆரம்பித்துவிட்டதோ என்று கவலையாகப் பார்த்தாள்.

"மறக்கலம்மா," என்றேன். "வேற யாரும் இல்ல."