சட்டி வள்ளம்

1962 பெப்ரவரி 11

பத்திநாதர் சம்மாட்டி என் அப்பாவைக் கொன்றார். கத்தியால் அல்ல, வள்ளத்தால்.

அவருடைய பழைய வள்ளம் ‘அன்னம்மாள்’. போன வாடைக்காற்றுக் காலத்திலேயே அதன் அடிப்பலகை உக்கிவிட்டது. கரை முழுக்கத் தெரியும். ஓட்டைக்குள் சீலைத்துணி அடைத்து, மேலே தார் பூசி, கொட்டியாரக்குடா வாய்க்கு அனுப்பினார். அப்பா திரும்பவில்லை. வள்ளம் திரும்பியது, கவிழ்ந்தபடி, தானாக. அதை நிமிர்த்தி இன்னும் கொஞ்சம் தார் பூசினார். இப்போது அதில் என் அண்ணன் கிறிஸ்தோபர் தண்டு வலிக்கிறான்.

செத்த வீட்டுக்கு வந்து, “ஆண்டவரின்ர சித்தம், பிள்ளை” என்றார். ஆண்டவர் எப்போது தார் பூசப் பழகினார்?

இரவுச் சாப்பாட்டில் அண்ணாவைக் கேட்டேன்: ஏன் இன்னும் அதில் போகிறாய்?

“வேற வள்ளம் எங்க கிடக்கு மலர்? இந்தக் கரையில மிதக்கிறதெல்லாம் அந்தாளின்ர. வாடைக்கு முதல் நீ ஒரு வள்ளம் கொண்டு வா. நான் அன்னம்மாளை விட்டு இறங்கிறன்.”

பகிடிக்குச் சொன்னான். நான் எழுதி வைக்கிறேன். வாடைக்கு முதல்.

பெப்ரவரி 20

தைத்த சட்டைகளைக் கொடுக்க டவுனுக்குப் போனேன். பழைய இரும்பு வியாபாரி பக்கீர் முதலாளியின் வீடு. பின்வளவில் நேவி விட்டுப்போன சாமான் மலைபோலக் கிடக்கிறது, ஏலத்தில் எடுத்தது. வெள்ளைக்காரன் போய் ஐந்து வருஷம் ஆகிறது. அவன் போனதில் கப்பல் திருத்தும் டொக்யாட் வேலைக்காரர் தெருவுக்கு வந்தார்கள், பக்கீர் முதலாளி மாடி வீட்டுக்குப் போனார். சுதந்திரம் ஆளுக்கு ஒரு மாதிரி வருகிறது.

வளவுக்குள் ஒருவர் கோடரியால் ஒரு படகைக் கொத்திக்கொண்டிருந்தார். மரப் படகு இல்லை. வெயிலில் கண்ணைக் குத்தியது. கப்பல்களில் தொங்கிய அலுமினியப் படகுகளாம்.

“என்ன காக்கா செய்யிறியள்?”

“கொத்துறன் புள்ள. உருக்கிச் சட்டி பானை அடிக்க அனுப்புறாங்க. கடலுக்குப் போனது, மறுகா அடுப்புக்குப் போகும்.”

பெயர் ஜமால்தீன். கிண்ணியாக்காரர், அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். டொக்யாட்டில் இருபது வருஷம் வள்ளம் கட்டியவர், இன்று கோடரியோடு நிற்கிறார். ஏற நல்ல வள்ளம் இல்லாத கரை அரை மைல் தூரத்தில். இங்கே வள்ளத்தைக் கொத்துகிறார்கள். இந்த நாட்டில் எவனுக்கும் வெட்கமில்லையா?

ஒன்று மட்டும் இன்னும் முழுசாகக் கிடந்தது. பக்கத்தில் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை, வயிறெல்லாம் நெளிசல்.

“இது உக்காதோ?” என்று கேட்டேன்.

அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “உக்கிறதுக்கு இதென்ன மரமா?”

பெப்ரவரி 25

தையல் மெஷினைக் கொடுத்துவிட்டேன். முதலாளியின் மனைவிக்கு அதன்மேல் எப்போதும் ஒரு கண். பதிலுக்கு அந்தப் படகு, அதோடு ஞாயிற்றுக்கிழமைகளில் ஜமால்தீன் காக்காவை வளவுக்குள் சாமான் பொறுக்க விடுவது. திருத்தித் தரக் காக்கா கூலி ஒன்றும் கேட்கவில்லை. “எட்டு வள்ளம் கொத்திப் போட்டன் புள்ள. ஒண்டையாவது மிதக்க வெச்சிட்டுச் சாகணும்” என்றார்.

அம்மாவுக்கு அந்த மெஷின் என் சீதனம். நான் வள்ளத்தைச் சீதனமாகக் கொண்டு போகிறேன் என்றேன். சொல்லியிருக்கக் கூடாதோ?

பெப்ரவரி 26

அம்மா என்னோடு கதைக்கவில்லை.

மார்ச் 4

படகு மாட்டு வண்டியில் வந்தது. தெருவெல்லாம் வேடிக்கை. “ஊருக்கே சோறு ஆக்கப் போறியோ மலர்?” “கைபிடி எங்கயடி?” சம்மாட்டியின் ஆட்கள் வைத்த பெயர் ஒட்டிவிட்டது: சட்டி.

கரையில் வைக்க முடியாது. பெண் வள்ளத்தைத் தொட்டால் மீன் படாது, ஏறினால் கடல் ஏற்காது. இதுதான் எங்கள் கரையின் வழக்கம். மீனை வெட்ட, காயவைக்க, தலையில் சுமந்து விற்கப் பெண் தொடலாம். அதைப் பிடிக்கிற வள்ளத்தைத் தொட்டால்தான் குற்றம். ஆகவே பின்வளவில், கிணற்றடியில் வைத்திருக்கிறேன்.

அண்ணா சுற்றிப் பார்த்தான். விரலால் தட்டினான். டிங் என்றது. சிரித்துக்கொண்டு போய்விட்டான்.

ஏப்ரல் 8

ஞாயிறு. பூசை முடிந்து வர, காக்கா மரச் சுத்தியலோடு காத்திருந்தார். நெளிசலுக்கு உள்ளே மணல் மூட்டையை வைத்து, வெளியே மெல்லத் தட்டித் தட்டி எடுக்கிறார். குழந்தைக்கு முதுகு தட்டுவதுபோல. கை அப்படி, வாய் ஓயாது. டொக்யாட்டில் எந்தத் துரை எவ்வளவு மடையன் என்பதெல்லாம் எனக்கு இப்போது மனப்பாடம்.

அவர் மனைவி உம்மு குல்சும் தாத்தாவும் கூட வருகிறா, அவர்களுக்கு அக்கா என்றால் தாத்தா. வளவுக்குள் ஒரு குமரும் ஒரு ஆம்பிளையும் சுத்தியல் அடித்தால் ஊர் என்ன சொல்லும் என்று அவவுக்குத் தெரியும். குசினி வாசலில் அம்மாவோடு உட்கார்ந்து வெற்றிலை போடுகிறா. அம்மா அவவோடு கதைக்கிறா. என்னோடு இல்லை.

ஏப்ரல் 29

ஓட்டையை மூடியாயிற்று. மேலே செப்புத் தகடு, சுற்றிவரச் செப்பு ஆணி. கழன்ற இடங்களுக்கும் செப்பு ஆணிதான். டொக்யாட்டில் மர வள்ளங்களுக்கு அடித்த மிச்சம், காக்கா ஒரு டின் நிறைய வைத்திருந்தார்.

“செப்புக்குத் துரு இல்ல, புழு இல்ல. ராணிட வள்ளத்துக்கே நான் இதுதான் அடிச்சன்.”

சிவந்த பொட்டுகள் வரிசையாக மின்னின. அழகாகவே இருந்தது.

மே 20

கரைக்குப் போகாமல், உள்துறைமுகப் பக்கம் ஆள் இல்லாத ஒரு மூலையில் இறக்கினோம். மிதந்தது! அண்ணாவும் வந்தான். ஒரு சுற்று வலித்துவிட்டு வந்து, இன்னொரு சுற்றுக்குத் திரும்பினான். முகம் வெளிச்சமாக இருந்தது. அப்பா செத்த பிறகு அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

அங்கேயே கட்டிப் போட்டிருக்கிறோம், தண்ணீரில் ஊறிப் பழகட்டும் என்று. மர வள்ளத்துக்கு அப்படித்தான் செய்வார்கள்.

ஜூன் 24

நாசம்.

வள்ளத்துக்குள் பாதி வரைக்கும் தண்ணீர். இழுத்துப் போட்டுக் கவிழ்த்தோம். செப்புத் தகட்டைச் சுற்றி, ஒவ்வொரு ஆணியையும் சுற்றி, வெள்ளையாகப் பூத்திருந்தது, உப்புப்போல, மாப்போல. விரலால் துடைத்தேன். துடைத்த இடத்தில் அலுமினியமே இல்லை. விரல் மறுபக்கம் போனது.

உக்காது என்றார்கள். இது மரத்தை விட மோசமாக உக்குகிறது.

காக்காவுக்குக் கோபம். “வெள்ளைக்காரண்ட பவுசு! வெளிய மினுக்கம், உள்ள ஒண்டுமில்ல!”

“இருபது வருஷம் வள்ளம் கட்டினனான் எண்டியளே!”

சொல்லியிருக்கக் கூடாது. அவர் சுத்தியலைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

அண்ணா, “பரவாயில்லை மலர், நீ முயற்சி செய்தனீ” என்றான். அதுதான் தாங்க ஏலாமல் இருந்தது. அவன் கைவிட்டுவிட்டான். நாளைக்கும் அந்தத் தார் பூசின சவப்பெட்டிக்குள் போய் ஏறப் போகிறான். மெஷினும் இல்லை. வள்ளமும் இல்லை. நான் என்ன செய்ய?

ஜூலை 1

அம்மா கதைத்தா.

கிணற்றடியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். இறாலை உப்புத் தண்ணீரில் அவிக்கிற பெரிய அலுமினியச் சட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் நங்கென்று வைத்தா.

“உன்ர வள்ளம் மாதிரித்தான் இதுவும் ஒழுகுது. பார்.”

பார்த்தேன். ஒரு பக்கக் கைபிடியைச் சுற்றி அதே வெள்ளைப் பூப்பு, அதே ஓட்டை.

“அந்தக் கைபிடி போன வருஷம் கழண்டு விழுந்தது. சந்தையில ஒருத்தன் செப்பாணி அடிச்சுத் தந்தவன். மற்றப் பக்கத்தைப் பார்.”

மற்றப் பக்கம் வாங்கும்போது இருந்த கைபிடி. ஆணியும் அலுமினியம். பழைய சட்டி, ஒரு பொட்டு வெள்ளை இல்லை.

நான் எழும்பி அம்மாவைக் கட்டிப் பிடித்தேன். “விடடி, சட்டி ஒழுகுது எண்டு சொன்னதுக்கு இவ்வளவோ” என்றா. ஆனால் அவ என்னை விடவில்லை.

ஜூலை 2

சட்டியைத் தூக்கிக்கொண்டு கிண்ணியாவுக்குப் போனேன். துறையில் கண்டவர்கள் எல்லாம் விலை கேட்டார்கள்.

காக்கா சட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கைபிடியைத் தடவினார். பிறகு உள்ளே பார்த்துக் கத்தினார்: “உம்மு குல்சும், வந்து சிரிச்சிட்டுப் போ! சட்டிக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல்ல!”

நான் அன்றைக்குக் கதைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். “அத உடு புள்ள. செப்பு மரத்தோட குடும்பம் நடத்தும், இதோட நடத்தாது. இனி இத இதாலயே தைப்பம்.”

ஆகஸ்ட் 19

செப்பு முழுவதையும் பிடுங்கிவிட்டோம். ஒன்றையும் விடவில்லை. வெள்ளை பூத்த இடங்களை வெட்டி எறிந்தோம். ஒட்டுப் போடத் தகடு, பக்கீர் முதலாளியின் வளவில் கொத்திக் கிடந்த படகுகளிலிருந்து. ஆணிக்கு, தடித்த அலுமினியக் கம்பியைத் துண்டு துண்டாக வெட்டிக் காக்காவே செய்தார்.

அவர் வெளியே நின்று அடிக்க, ஆணியின் மறுமுனையை உள்ளே இரும்பால் இறுக்கிப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். நான்தான். வள்ளத்துக்குள் குந்தியிருக்கிறேன், காது அடைத்துப்போகிறது, கை இரவு வரைக்கும் நடுங்குகிறது. ஒரு பெண் வள்ளத்துக்குள் ஏறிவிட்டாள். கடல் இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

செப்டெம்பர் 9

உம்மு குல்சும் தாத்தா சொன்னா: “கடையில போய்ப் பாரு, ஒன்ட வள்ளத்தப் பத்தித்தான் கதை.” நல்ல கதையா என்று கேட்டேன். “நல்ல கதைய ஆரு கடையில கதைக்கிற?”

ஒக்டோபர் 14

இன்று கரையிலேயே இறக்கினோம். ஒளித்து இறக்கினது போதும்.

பத்திநாதர் சம்மாட்டி வெள்ளை வேட்டியோடு குறுக்கே வந்து நின்றார். பின்னால் அவருடைய ஆட்கள். அவர்களுக்குள் அண்ணாவும்.

“பொம்பிளை ஏறின வள்ளம் இந்தக் கரையில இறங்கேலாது, பிள்ளை. வழக்கம் எண்டு ஒண்டிருக்கு.”

நான் வள்ளத்தின் விளிம்பிலிருந்து கையை எடுக்கவில்லை. அவரைக் கேட்டேன்: “சம்மாட்டியார், இது வள்ளம் எண்டு எப்ப ஒத்துக்கொண்டனீங்கள்? ஏழு மாசமா நீங்களும் உங்கட ஆக்களும் சட்டி எண்டுதானே சொன்னியள். சட்டியைப் பொம்பிளை தொடாமல் ஆர் தொடுறது?”

கரையே சிரித்தது. அவருடைய ஆட்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் விலகவில்லை. நாங்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போய் இறக்கினோம்.

அண்ணா சிரிக்கவில்லை. வரவும் இல்லை.

வீட்டில் கேட்டேன். “ஒருக்கா ஒழுகினதுதானே மலர். வாடை இன்னும் வரேல்லைத்தானே.”

ஒக்டோபர் 28

ஒவ்வொரு நாளும் போய்ப் பார்க்கிறேன். உள்ளே ஒரு துளி இல்லை. வெள்ளை இல்லை. வலிக்க ஆள் இல்லை.

நவம்பர் 6

வாடை விழுந்துவிட்டது.

விடியக் கரைக்குப் போனேன். அன்னம்மாளைக் கவிழ்த்துப் போட்டுத் தார் பூசிக்கொண்டிருந்தார்கள். தார் காயவில்லை. சம்மாட்டி, “போதும், இறக்குங்கோ” என்றார்.

அண்ணா குந்தி அடிப்பலகையில் கையை வைத்தான். அப்பா இருந்து வலித்த பக்கத்துப் பலகை. அமத்தினான். விரல்கள் உள்ளே போயின, ஊறின பாண் ரொட்டிக்குள் போவதுபோல. கையை எடுத்து, தாரை மணலில் துடைத்தான். திரும்பத் திரும்பத் துடைத்தான். பிறகு எழும்பி, ஒருவரையும் பார்க்காமல், சட்டியை நோக்கி நடந்தான். இரண்டு பேர் பின்னால் போனார்கள்.

எனக்காக வரவில்லை. கையில் பட்டதற்காக வந்தான். அதுவே போதும்.

மத்தியானம் வரைக்கும் அம்மாவும் நானும் மணலிலேயே நின்றோம். அலை பெரிது. வெள்ளையாக ஒரு புள்ளி ஏறும், மறையும், ஏறும். அம்மா செபமாலையை உருட்டவில்லை, என் கையைத்தான் பிடித்திருந்தா.

வந்தார்கள். கால் நனையாமல் வந்தார்கள். அண்ணா இறங்கியதும் கேட்டது: “மலர், இந்த மாதிரி இன்னும் கிடக்கோ அந்த முதலாளியின்ர வளவில?”

நவம்பர் 25

கிணற்றடியில் இரண்டாவது படகு, பக்கீர் முதலாளி புது ஏலத்தில் எடுத்துக் கடனுக்குத் தந்தது. இதில் செப்பு இல்லை. நான் உள்ளே இரும்பைப் பிடித்திருக்க, காக்கா அடித்துக்கொண்டிருந்தார். வேலிப் படலை திறக்கும் சத்தம். பத்திநாதர் சம்மாட்டி. தனியாக.

குடையை மடக்கினார். படகைச் சுற்றி நடந்தார். ஆணிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார்.

“அன்னம்மாளில ஒருத்தனும் ஏறுறான் இல்லை. இந்த மாதிரி எனக்கும் ஒண்டு செய்து தரலாமோ பிள்ளை?”

காக்கா என்னைப் பார்த்தார். வள்ளம் என்னுடையது, பதிலும் என்னுடையது. நான் இரும்பைக் கீழே வைக்கவில்லை. உள்ளேயிருந்தே கேட்டேன், அவர் வெளியே நின்றார்.

“செய்யலாம். முதல் ஒண்டு சொல்லுங்கோ. எங்கட அப்பாவை அனுப்பின அண்டைக்கு, அந்தப் பலகையில நீங்கள் கை வைச்சுப் பாத்தனீங்களோ?”

அவர் விரல் கடைசி ஆணியில் நின்றது. அண்ணா குசினி வாசலுக்கு வந்துவிட்டான். அவனுக்குப் பின்னால் அம்மா. காற்று தென்னோலையைப் போட்டு அடித்தது. அவர் மடக்கின குடையைத் திரும்ப விரிக்கப் பார்த்தார்.

“சம்மாட்டியார், உங்களைத்தான் கேக்கிறன். பாத்தனீங்களோ? சொல்லுங்கோ.”