உன் வீட்டுப் பெயர்க்காரர்கள்

மேல் வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு போகிறார்கள். பரணிலிருந்து இறக்கிய பழைய பேப்பர் கட்டுகளை மாடிப்படியிலேயே போட்டு வைத்திருக்கிறார்கள். இன்று காலை பால் எடுக்கக் கதவைத் திறந்ததும் அந்த வாசனை மூக்கில் ஏறியது. முதலில் தும்மல் வந்தது. பிறகு உன் நினைப்பு வந்தது. அழுகை வருகிறதா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வரவில்லை. பாலை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

நீ போனதிலிருந்து இப்படித்தான். பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி. தொட்டால் கன்னம் இருப்பது தெரிகிறது, என்னுடையது என்று தெரியவில்லை.

ஓய்வு பெற்றதும் நம் தேனாம்பேட்டை அலுவலகத்துப் பெண்களில் ஒருத்தி பாட்டு கிளாஸ் போனாள், ஒருத்தி காசிக்குப் போனாள். நீ என்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாய், உன் வீட்டுப் பெயர் உள்ளவர்களைத் தேட. எங்களுக்கெல்லாம் அப்பா பெயரின் முதலெழுத்தோடு சரி. நீங்கள் தெலுங்குக்காரர்கள். தலைமுறை தலைமுறையாக வரும் வீட்டுப் பெயர் ஒன்று உங்கள் பெயருக்கு முன்னால் உண்டு. மயிலாப்பூரிலேயே இருந்து இருந்து தெலுங்கு பாதி மறந்த பிறகும் உன் குடும்பம் அதை மட்டும் விடவில்லை.

ஒரே வீட்டுப் பெயர் என்றால் பங்காளி என்பது உன் கணக்கு. பங்காளி செத்த செய்தி எத்தனை வருஷம் கழித்துக் காதில் விழுந்தாலும், விழுந்த உடனே தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும். சாவு வீட்டுக்குப் போய் வந்தால் யாராக இருந்தாலும் குளிக்கத்தான் செய்வோம். அது வேறு. இருந்த இடத்திலேயே செய்தி கேட்டு எழுந்து போய்க் குளிப்பது பங்காளிக்கு மட்டும்.

அப்பா போய், உன்னைப் போலவே தம்பியும் கல்யாணம் ஆகாமலே இருந்து போன பிறகு, அந்தப் பெயரில் நீ ஒருத்திதான் மிச்சம். “நான் போனா, கேட்டதும் எழுந்து போய் தலைக்கு ஊத்திக்க ஒரு ஆளாவது வேணும்டி. அதுக்குத்தான் தேடறேன்” என்றாய். விளையாட்டாகச் சொல்கிறாய் என்று சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

காப்பகத்தில் பென்சிலுக்குத்தான் அனுமதி. கட்டைப் பிரித்தால் தாள் ஓரம் பொடிப்பொடியாக உதிரும். நீ விரலை வரிக்கு மேலே தொடாமல் நகர்த்திக்கொண்டே போவாய். பெயர் கிடைத்துவிட்டால் முழங்கையால் என்னை ஓர் இடி. வலிக்கும். பழைய பத்திரங்களில் கிடைத்தார்கள், உயில்களில் கிடைத்தார்கள், இறப்புப் பதிவுகளில்தான் அதிகமாகக் கிடைத்தார்கள். ராயபுரத்தில் ஒரு குழந்தை. சைதாப்பேட்டையில் ஒரு நெசவாளி. பிரசவத்தில் போன ஒரு பெண். எல்லோரும் நம் தாத்தாக்கள் பிறப்பதற்கு முன்பே செத்தவர்கள். நீயோ ஒவ்வொருத்தருக்கும் வீட்டுக்குப் போனதும் பச்சைத் தண்ணீரில் தலைக்கு ஊற்றிக்கொண்டாய்.

“வெள்ளைக்காரன் காலத்துச் சாவுக்கு உனக்கு ஜலதோஷமா?” என்று கேட்டேன்.

“நான் இப்பதானேடி கேள்விப்படறேன்” என்று சொல்லிவிட்டுத் தும்மினாய்.

ஒரு வீட்டு விற்பனைப் பத்திரத்தின் விலாசத்தைப் பிடித்துக்கொண்டு சைதாப்பேட்டையில் விசாரித்து, கடைசியில் அசோக் நகரில் உயிரோடு இருக்கும் ஒரு குடும்பத்தைக் கண்டுபிடித்தாயே, அன்றைக்கு உன் முகத்தைப் பார்க்க வேண்டும். கல்யாணத்துக்குக் கிளம்புகிற மாதிரி பட்டுப்புடவை. கையில் பழம், பூ, வெற்றிலை பாக்கு. அந்தப் பெரியவர் மாநகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். நம்மை உட்காரவைத்து, தலைக்கு ஊற்றிக்கொள்ள ஆள் தேடுவது வரைக்கும் நீ சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

“பங்காளியா? இன்னாம்மா நீங்க. அது ஊர் பேரும்மா. அந்த ஊர்லேர்ந்து மெட்ராஸ் வந்த அல்லாரும் அதையே வீட்டுப் பேரா வெச்சிக்கினாங்க. நாங்க நெசவுக்காரங்க. நீங்க வேற, நாங்க வேற.”

நீ பழத்தட்டைப் பார்த்தாய். பிறகு அதை அவர் மருமகள் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினாய். பாண்டி பஜார் நெரிசலில் பஸ் நின்றபோதுதான் வாயைத் திறந்தாய்.

“அப்ப இத்தனை நாளா யார் யாருக்கோ ஊத்திக்கிட்டிருக்கேன்.”

ஜன்னல் வழியாகத் துணிக்கடைக் கூட்டத்தைப் பார்த்தேன்.

“போவட்டும். பாவம், அவங்களுக்கும் யாரும் இருந்திருக்க மாட்டாங்க” என்றாய்.

அதற்குப் பிறகு நீ எழும்பூர் பக்கம் போகவே இல்லை. நோய் வந்ததும் அதைப் பற்றிப் பேசுவதையும் விட்டுவிட்டாய். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

நீ போன அன்று உன் போனில் இருந்த எண்களுக்கெல்லாம் நான்தான் சொன்னேன். எல்லோருக்கும் ஒரே வாக்கியம், ஒரே குரல். அசோக் நகர்ப் பெரியவரின் எண்ணும் வந்தது, அவருக்கும் சொன்னேன். “அப்டியாம்மா” என்று வைத்துவிட்டார். சற்று நேரத்தில் அவரே திரும்பக் கூப்பிட்டார்.

“ஊட்ல அல்லாரும் தலைக்கு ஊத்திக்கினோம்மா. பேத்திக்கு மட்டும் ஜுரம். அதனால தலைல தெளிச்சு வுட்டோம்.”

“நீங்க பங்காளி இல்லன்னு சொன்னீங்களே?”

“இல்லதாம்மா. ஆனா அந்தம்மா அதுக்கோசரம் எங்கள அவ்ளோ தூரம் தேடிக்கினு வந்துதே.”

நான் நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. உனக்குச் சொல்ல வேண்டும் என்று மட்டும் தோன்றியது. உன் எண்ணைத் தேடினேன். உன் போன் என் கையில்தான் இருந்தது.

போன வாரம் அவர் மகன் கூப்பிட்டான். பெரியவர் போய்விட்டாராம். “அந்தம்மா இல்ல, அதனால உங்களுக்குச் சொல்லிடணும்னு அப்பா முன்னாடியே சொல்லி வெச்சிருந்தாருங்க” என்றான். நான் நெசவுக்காரி இல்லை, தெலுங்குக்காரி இல்லை, அந்த ஊரை வரைபடத்தில்கூடப் பார்த்ததில்லை. இதில் ஒன்றையும் அவனிடம் சொல்லவில்லை. சரிப்பா என்று போனை வைத்தேன். குக்கர் இரண்டாவது விசில் அடித்திருந்தது, அடுப்பை அணைத்தேன். குளியலறைக்குப் போய், கட்டிய புடவையோடு தலைக்கு ஊற்றிக்கொண்டேன். அப்போதும் அழுகை வரவில்லை. ஆனால் வாளி காலியாகும்வரை கை நிற்கவில்லை.