304-க்கும் 305-க்கும் நடுவில்

ஆகஸ்ட் 4, திங்கள்

இதனால் சகலமானவர்க்கும் அறிவிப்பது என்னவென்றால்: தாராவியில் எங்கள் ஏழு மாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடி, ரூம் நம்பர் 304-இல் வசிக்கும் ஜாபெஸ் மிக்கேல்ராஜ், வயது பதினாறு, அவர்களின் மேலுதட்டில் இன்று காலை நிலவரப்படி ஏழு முடிகள் முளைத்துள்ளன. எட்டாவது என்று நான் நம்பியது பென்சில் கோடு என்று அம்மா துடைத்துக் காட்டிவிட்டதால் மறு எண்ணிக்கை கோரப்பட்டுள்ளது.

மற்றபடி உலகச் செய்திகள்: மழை. லிஃப்ட் ஓடவில்லை. இந்தத் தடவை நிஜமாகவே. போன தடவை 'பழுது' என்று அட்டை மாட்டியது நானும் ராஹிலும்.

டைரியைத் தமிழில் எழுதுவது பாதுகாப்புக்காக. இந்தக் கட்டடத்தில் என் வயதுப் பசங்கள் தமிழில் திட்டுவார்கள், ஹிந்தியில் கொஞ்சுவார்கள், இங்கிலீஷில் ஃபெயில் ஆவார்கள். தமிழ் வாசிக்க மட்டும் வராது. ஏழாவது வரை தமிழ் மீடியம் படித்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தன் நான், இன்னொருத்தன் ராஹில். அவன் வாசித்தால் பரவாயில்லை.

அவன் 305. எங்களுக்கு நடுவில் ஒரே ஒரு சுவர். சாயங்காலம் ஏழு மணிக்கு மூன்று தட்டு என்றால் 'மேல் படிக்கு வா'. பதிலுக்கு இரண்டு தட்டினால் 'வர்றேன்'. மேல் படியோடு சரி, மொட்டை மாடிக்குப் போக முடியாது. கதவில் பெரிய பூட்டு. எங்கள் குடியிருப்போர் சொசைட்டித் தலைவர் மாரிக்கண்ணன் அண்ணாச்சி போட்டது. இரண்டு வருடம் முன்னால் மேலேயிருந்து விழுந்த தண்ணீர் பலூன் ஒன்று அவருடைய வெள்ளைச் சட்டைமேல் உடைந்தது. போட்டது யார் என்று இன்றுவரை தெரியாது. (ராஹில், வாசித்தால் சிரிக்காதே.) அதிலிருந்து நாற்பத்திரண்டு வீட்டுத் துணியும் ரூமுக்குள்ளேயே காய்கிறது. காய்கிறது என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறோம்.

ஆகஸ்ட் 6

ராஹிலின் உம்மா மதீனா பீவி தலைவர் பதவிக்கு நிற்கிறார்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்றால், எங்கள் சொசைட்டியில் யாரும் நிற்பதே கிடையாது. உட்கார்ந்தே பழக்கம். பதினெட்டு வருடமாக மாரிக்கண்ணன் அண்ணாச்சி 'பின்விரோத்'. மராட்டி வார்த்தை, எதிர்ப்பே இல்லாமல் என்று அர்த்தம். வருடாந்திர மீட்டிங்கில் செகரெட்டரி அவர் பெயரை வாசிப்பார், ரூமுக்கு ஒரு கை எழும்பும், வடாபாவ் வரும், முடிந்தது. செகரெட்டரி வேறு யாருமல்ல, என் அப்பா.

"பீவிக்கு எதுக்கு இந்த வேல?" என்றார் அப்பா.

"மொட்டை மாடியத் தொறக்கணுமாம். கை தூக்காம சீட்டுல எழுதிப் போடணுமாம். கேட்டதுல என்ன தப்பு?" என்றாள் அம்மா.

"தப்புன்னு யாரு சொன்னா, ஏஞ்சல்? இவ்வளவு காலமா ஒத்துமையா இருக்கோம். இப்பப் போயி ரெண்டாப் பிரியணுமா?"

"ஆமா, துணி கூட ஒத்துமையாத்தான் நாறுது."

என் வாய் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

ஆகஸ்ட் 9

கட்டடம் முழுக்க வாட்ஸ்அப் படத்தை மாற்றிவிட்டது. எல்லோருக்கும் அண்ணாச்சி முகம். குரூப்பைத் திறந்தால் மாரிக்கண்ணன் குட் மார்னிங் சொல்கிறார், மாரிக்கண்ணன் பதில் சொல்கிறார், மாரிக்கண்ணன் தண்ணீர் வரவில்லை என்று புகார் செய்கிறார், மாரிக்கண்ணன் விசாரிக்கிறேன் என்கிறார்.

என் போனையும் அப்பா வாங்கி மாற்றினார். மாற்றாதவர்கள் யார் என்று யாரோ லிஸ்ட் எடுக்கிறார்களாம்.

சும்மா இருந்திருக்கலாம். சிரிப்பு வரவழைக்காமல் என்னால் இருக்க முடியாது. போன மாதம் லிஃப்ட் ஓடாத நாளில் பீவிம்மா வாளியோடு படியேறிக்கொண்டிருந்ததை எடுத்த படம் ஒன்று என்னிடம் இருந்தது. வாய் பிளந்து, கண் செருகி, முக்காடு நழுவி. கீழே எழுதினேன்: 'மதீனா அல்ல, மாடினா பீவி. மாடின்னா மூச்சு வாங்கும்.'

குரூப்பில் போட்ட ஒரு மணி நேரத்தில் அறுபத்தொரு சிரிப்பு. வாசிக்கத் தெரியாதவர்களுக்கு யாரோ ஹிந்தியில் விளக்கியும் விட்டார்கள். என் வாழ்நாள் சாதனை.

ஆகஸ்ட் 10

ராஹில் படியில் நின்றான்.

"எங்க உம்மாடா."

"டேய், சும்மா தமாசுடா, மஜாக்—"

"எங்க உம்மாடா அது."

அவ்வளவுதான். போய்விட்டான். படத்தை அழித்தேன். அதற்குள் அது தாணேயில் இருக்கும் எங்கள் சித்தி போனுக்கே போய்த் திரும்பி வந்திருந்தது.

ஆகஸ்ட் 13

ஏழு மணிக்குச் சுவரில் ராஹில் மூன்று தட்டுத் தட்டினான். நான் பதில் தட்டவில்லை. கொஞ்சம் கெஞ்சட்டும். என்னை மாதிரி ஒரு ஃப்ரெண்ட் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று இப்போது தெரிந்திருக்கும்.

ஆகஸ்ட் 15

கீழே கொடியேற்றம். வெள்ளைச் சட்டையில் அண்ணாச்சி பேசினார்.

"நம்ம பில்டிங் ஒரு குடும்பம்லே. குடும்பத்துல எங்கயாவது எலெக்சன் உண்டா? தகப்பன யாராவது ஓட்டுப் போட்டா தேர்ந்தெடுக்கான்?"

எல்லோரும் கை தட்டினார்கள். மீட்டர் பெட்டி பக்கம் நின்றவர்கள் தட்டவில்லை. பீவிம்மா, ஐந்தாம் மாடி மாரீஸ்வரி டீச்சர், ராஹில். ராஹிலின் வாப்பா சலாவுதீன் மாமா மட்டும் அந்தப் பக்கமும் இல்லாமல் இந்தப் பக்கமும் இல்லாமல் கீழ்த்தளத்தில் தன் தோல் பைப் பட்டறை வாசலில் நின்று கொடிக்கு மட்டும் சல்யூட் அடித்தார்.

வழக்கம்போல் மிட்டாய் கொடுத்தது பீவிம்மா. எனக்கு வருடா வருடம் இரண்டு. 'ஒண்ணு ராஹிலுக்கு' என்று பொய் சொல்லி வாங்குவேன். இந்த வருடம் ஒன்றும் சொல்லவில்லை, கையைத்தான் நீட்டினேன். இரண்டு வைத்தார்.

ஒன்றைத் தின்றேன். இன்னொன்று சட்டைப் பையில் இருக்கிறது. மீட்டர் பெட்டிக்கும் எனக்கும் பத்து அடி. அவன் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆகஸ்ட் 19

மழை. ட்ரெயின் இல்லை, காலேஜ் இல்லை (இந்த ஊரில் பதினொன்றாம் வகுப்புக்கே காலேஜ் என்றுதான் பெயர்). ராஹில் தட்டினான், நான் கண்டுகொள்ளவில்லை. மத்தியானம் அருமையான ஜோக் ஒன்று தோன்றியது. சொல்ல ஆள் இல்லாததால் மறந்துவிட்டது.

ஆகஸ்ட் 22

காலேஜுக்கு மாட்டுங்காவரை சேர்ந்துதான் நடப்போம். இப்போது அவன் பத்து நிமிடம் முன்னால் கிளம்புகிறான். நானும் ஒன்பது நிமிடம் முன்னால் கிளம்புகிறேன். உடற்பயிற்சிக்காக. ரயில்வே பாலத்தில் ஏறும்போது கூட்டத்தில் அவன் பை தெரியும். அவன் வாப்பா தைத்தது, ஓரத்தில் சிவப்பு நூல். என் முதுகிலும் அதே பை. பின்னால் வருகிறவர்கள் இரண்டு பேரும் ஒரே கோஷ்டி என்றுதான் நினைப்பார்கள்.

பாலத்தின் நடுவில் அவன் நின்றால் என்ன சொல்வது என்று தினமும் யோசித்து வைக்கிறேன். அவன் நிற்பதே இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பீவிம்மா ரூம் ரூமாக ஓட்டுக் கேட்டு வருகிறார். 303-இல் குரல் கேட்டதும் அப்பா பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். அம்மா ஆஸ்பத்திரி டியூட்டியில். கதவைத் திறந்தது நான்.

"அப்பா இருக்காரா?"

"குளிக்காரு."

"காலைல பைப்படியில பாத்தேனே, குளிச்சிட்டுத்தான நின்னாரு?" சிரித்தார். "சரி. நெதம் ரெண்டு தரம் குளிக்கட்டும், தண்ணி வந்தா."

நான் தரையைப் பார்த்தேன். கிளம்பினவர் திரும்பினார்.

"அந்தப் போட்டோ நல்லாவே விழல, ஜாபெஸு. வாளியத் தூக்கிட்டு ஏறும்போது மூஞ்சி அப்படித்தான் போவும். உங்கம்மாவும் தூக்குறா, அவ மூஞ்சியையும் ஒரு நாள் பாரு."

திட்டியிருக்கலாம். திட்டினால் பதில் வைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 29

அப்பாவுக்கு மீட்டிங் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை டிராம்பேயில் ஷிஃப்ட் விழுந்துவிட்டது. ரிஃபைனரி கான்ட்ராக்டர் விடமாட்டேன் என்கிறான். மீட்டிங்கில் பெயர் வாசிக்க வேறு ஆளை ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அம்மாவுக்கும் ஆஸ்பத்திரி டியூட்டி.

"ரூமுக்கு ஒரு ஆளு ஒக்காந்தாப் போதும். நீ போ," என்றார் அப்பா. "அண்ணாச்சி பேரு சொல்லும்போது கையத் தூக்கு. எண்ணுவாங்க. செகரெட்டரி வீட்டுக் கை எறங்கியிருந்தா எனக்கு அசிங்கம்."

"சீட்டு இல்லியா?"

"சீட்டாம் சீட்டு. நமக்குள்ள என்னலே ஒளிவு மறைவு?"

வரலாற்றுக்காகப் பதிவு செய்கிறேன்: அண்ணாச்சி பெயருக்கு என் கை எழும்பாது. பீவிம்மா பெயர் வரும்போது எழும்பும். ஒரு கை அல்ல, இரண்டு கை. கால் கணக்கில் சேருமானால் அதுவும். ராஹில் பின்வரிசையில் இருப்பான். பார்க்கட்டும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மீட்டிங் முடிந்தது. ரூம் நாற்பத்திரண்டு, கீழ்த்தளக் கடை, பட்டறை ஆறு, மொத்தம் நாற்பத்தெட்டு ஓட்டு. இரண்டு பேர் வரவில்லை. அண்ணாச்சி 37, பீவிம்மா 9.

நான் தூக்கினேன். இரண்டு கையும். ஹாலே திரும்பிப் பார்த்தது. வீரர்களுக்கு ஓய்வு தேவை என்பதால் விவரம் பிறகு. ஏழு மணிக்கு ராஹில் தட்டினான்.

செப்டம்பர் 1

மீசை: ஏழு.

செப்டம்பர் 3, புதன்

மொட்டை மாடிப் பூட்டைக் காணோம். காலையில் அண்ணாச்சியே வந்து கழற்றினாராம். "ஜெயிச்சிட்டாருல்ல, பெறகென்ன?" என்று அப்பாவைக் கேட்டேன். ஷூ மாட்டிக்கொண்டே சொன்னார்: "ஒம்போது கைலே. பதினெட்டு வருசத்துல எதிரா ஒரு கை எழும்பினதில்ல."

ஏழு மணிக்குச் சுவரில் மூன்று தட்டு.

இரண்டு தட்ட வேண்டும் என்பதே மறந்துபோய் ஓடினேன். மேலே இன்னும் வெளிச்சம் இருந்தது. கொடி முழுக்கத் துணி. ராஹில் அவர்கள் வீட்டுத் துணியை எடுத்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா டெய்லி ஏழு மணிக்குச் செவுத்தப் போட்டு ஒடைக்க? மனுசன் படிக்க வேண்டாமா?"

கேட்டுவிட்டு அவன் ஒரு தலையணை உறையை மடித்தான்.

"மீட்டிங்ல பாத்தேன். அண்ணாச்சி பேரச் சொன்னதும் மொதக் கை உன்னுது. கிளாஸ்ல ஒரு நாளாவது இவ்வளவு சீக்கிரம் தூக்கியிருக்கியா?"

"எல்லாரும் தூக்கினாங்கடா. அதுவாப் போயிருச்சு."

"எங்க வாப்பாக்கும் அதுவாப் போயிருச்சு."

"எது?"

"கை. பட்டறை ஓட்டு அவருதுல்ல? அண்ணாச்சி பேரு காதுல விழுந்திச்சு, பழக்கத்துல தூக்கிட்டாரு. பக்கத்துல உம்மா. பாத்துட்டு டக்னு எறக்கினாரு, அதுக்குள்ள எண்ணிட்டாங்க." அவனுக்கே சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். "உம்மா மூணு நாளா அவர்ட்டப் பேசல. அவரு சோறு வேணும்னா செவுத்தப் பாத்துக் கேக்காரு. வீட்ல பேச ஆள் இல்ல. வேற வழியில்லாமத்தான் உன்னக் கூப்பிட்டேன், ரொம்ப நெனச்சிக்காத."

"அந்தப் போட்டோவுக்கு—"

"எங்கிட்ட ஏன் சொல்லுத? உம்மாட்ட சொல்லு."

பதினைந்தாம் தேதி மிட்டாயைக் கொடுத்தேன். உருகி, காகிதத்தோடு ஒட்டி, பாதி துவைக்கப்பட்ட நிலையில் இருந்தது. முகர்ந்து பார்த்துவிட்டுக் காகிதத்தோடு பாதியைக் கடித்து, மீதியை என்னிடம் நீட்டினான்.

துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு நான்தான் 305-க்குப் போனேன். வாசலில் நின்று ஸாரி சொன்னேன். பீவிம்மா மேலும் கீழும் பார்த்தார். "மூச்சு வாங்குது பாரு ஒனக்கு," என்றார். "உள்ள வச்சிட்டு, ஒக்காரு."

மூலையில் சலாவுதீன் மாமா என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். ஒரே கட்சிக்காரர்கள்.

இனி, இந்த டைரியில் சில திருத்தங்கள். 31-ஆம் தேதி இரண்டு கையைத் தூக்கினேன் என்பது பொய். தூக்கியது ஒரு கை, அண்ணாச்சி பெயருக்கு, எல்லோருக்கும் முதலில். பீவிம்மா பெயர் வந்தபோது குனிந்து ஷூ லேஸ் கட்டினேன். காலில் செருப்புதான் போட்டிருந்தேன். ஒன்பது நிமிடம் முன்னால் கிளம்பியது உடற்பயிற்சிக்கு அல்ல. மீசையில் ஏழு என்றதிலும் இரண்டு சந்தேகம்.

கடைசியாக ஒன்று. ராஹில் தட்டினான், நான் பதில் தட்டவில்லை என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறேன். எழுதாத நாட்களிலும் உண்டு. அவ்வளவு நாளும் தட்டியது நான். காதைச் சுவரில் வைத்துக்கொண்டு ஏழே கால் வரை நிற்பேன்.

இன்று தட்டியது மட்டும் அவன்.