நம் பெட்டியின் எண்

எளாவூர்,
திங்கட்கிழமை.

அன்புள்ள ஸ்டீவனுக்கு, அம்மா எழுதுவது. கர்த்தர் தயவில் நானும் உன் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் நலமில்லை. மஸ்கட்டில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் அலையாமல் இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய். கடிதத்தில் முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நீ கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். "இந்தக் காலத்துல எவன்மா டிவிய ரெக்கார்ட் பண்றான், எல்லாந்தான் நெட்ல கீதே" என்றாய். இருந்தது. வியாழக்கிழமை உள்ளூர் கேபிள் சேனலில் ஷமீமாவைக் காட்டினார்கள், வெள்ளிக்கிழமை அதே நிகழ்ச்சி நெட்டிலும் இருந்தது, சனிக்கிழமை காலை இல்லை. யார் நீக்கினார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. ஷமீமாவை உனக்குத் தெரியும், பேக்கிங்கில் எனக்குப் பக்கத்து மெஷின், உன் கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் பிரியாணி தன் பொறுப்பு என்பவள். போன மாதம் அந்த மெஷினில் அவளுக்கு வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. விரல் உள்ளே போகாமல் தடுக்கிற மூடியை அவளே கழற்றினாள் என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறது. ஆனால் விபத்துக்கு மறுநாள், யாரும் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால், சூப்பர்வைசர் ஜெரால்ட் கேட் வாசலில் நின்று சேனல்காரரிடம், "அந்த மெஷினுக்கு ஒரு மாசமா மூடியே இல்ல சார், நானும் சொல்லிகினுதான் கீறேன்" என்று சொல்லியிருந்தார். அதுவும் அந்த நிகழ்ச்சியில் வந்தது, ஒரே ஒரு வாக்கியம். இப்போது அப்படிச் சொல்லவே இல்லை என்கிறார். பன்னிரண்டாம் தேதி விசாரணை. அந்த வாக்கியம் போனால் ஷமீமா பொய்க்காரி.

சேனலில் ஞாயிறு பதினொரு மணிக்கு மறு ஒளிபரப்பு உண்டு. அதையும் நிறுத்துவதற்குள் பிடிக்க வேண்டும். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து நேராகக் கும்மிடிப்பூண்டி பஜாரில் ரஷீத்தின் டிவி கடைக்குப் போனேன். போனைத் திரைக்கு நேரே பிடித்தால் போதாதா என்று அப்பா அன்று காலையே வேறொரு நிகழ்ச்சியை வைத்துச் செய்து பார்த்திருந்தார். டியூப்லைட்டும், அப்பாவின் இருமலும், வெளியே செக்போஸ்ட் லாரிகளின் ஹாரனும் நன்றாகப் பதிந்திருந்தன. கேபிள்கார லோகு தருகிற பதிவுப் பெட்டி ஒன்று உண்டு, வசதிதான், நாம் வேலைக்குப் போனாலும் தானே பதியும். ஆனால் பதிந்தது அந்தப் பெட்டியில் மட்டும்தான் ஓடுமாம். இணைப்பை நிறுத்தினால் அதுவும் இல்லையாம். என் வீட்டில் இருப்பதைப் பார்க்க நான் இன்னொருவரைக் கேட்க வேண்டுமா? வேண்டாம் என்றேன். "இன்னாக்கா, சீரியல் பாக்கறதுக்கு இவ்ளோ கிராஸ் கேள்வியா" என்று ரஷீத் சிரித்தான். பிறகு சோப்பு டப்பா அளவில் ஒன்றை எடுத்துவைத்தான். மூன்று நிற வயர், பின்பக்கம் பென் டிரைவ். திரையில் எது ஓடுகிறதோ அதை அப்படியே பதியும். "எந்த ஊட்டு டிவில சொருகினாலும் ஓடும்க்கா, எவனையும் கேக்க வேணாம்" என்றான். அதுதான் வேண்டும். ஒரே குறை, நடுவில் சேனலை மாற்றினால் மாற்றியதும் பதிந்துவிடும்.

ஞாயிறு ஆராதனைக்குப் போகவில்லை. அதற்காக வருத்தமும் இல்லை. அப்பாவுக்கு அன்று கிரிக்கெட். ரிமோட்டை யாரும் தொடக்கூடாது என்று தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார், பட்டன் அமுங்கிவிடப்போகிறது என்று பிடுங்கி பேட்டரியைக் கழற்றினேன். ஷமீமா கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். திரையில் ஜெரால்ட் வந்தார். சொன்னார். சரியாக அந்த நேரம் அவர் நெஞ்சின் மேல் ஒரு எண் தோன்றியது. கேபிளில் அவ்வப்போது வந்து மறையுமே, அது. ஒவ்வொரு வீட்டுப் பெட்டிக்கும் ஒன்று. இது நம்முடையது. அவர் சொல்லி முடிக்கும் வரை நின்றது.

பிரதி எடுக்கும்போது ரஷீத் அதைப் பார்த்துவிட்டான். சிரிப்பு போய்விட்டது. "அக்கா, இத்த வச்சி எந்த ஊடுன்னு ஒரு நிமிஷத்துல கண்டுபுடிச்சிடுவானுங்க. நம்பர மறச்சி தரேன், பேஜாரு வேணாம்" என்றான். மாதக் கடைசியில் கம்பெனி என் காண்ட்ராக்ட்டைப் புதுப்பிக்க வேண்டும், அது நினைவில்லாமல் இல்லை. கடை வாசலில் ஒரு டீ குடித்தேன். யோசித்தேன். மறைத்தால் விசாரணையில் இதில் கை வைத்திருக்கிறார்கள் என்பார்கள். சரியாகத்தான் சொல்வார்கள். இருக்கட்டும் என்றேன். ஷமீமாவும் "எனக்கோசரம் வேலைய உட்றாத விக்டோரியா" என்று அழுதாள். உனக்காக மட்டும் யாரு செய்யறது, போடி என்றேன். அவள் மெஷினில் இப்போது நான்தான் நிற்கிறேன். புது மூடி போட்டிருக்கிறார்கள், பளபளவென்று. என்றைக்குப் போட்டார்கள் என்று கேட்டேன். வேலையைப் பார் என்றார்கள்.

நீ இதைப் படித்துவிட்டு போன் செய்வாய், உனக்கேன்மா இது என்பாய். செய். குரல் கேட்க ஆசைதான். முடிவு மாறாது. இத்துடன் ஒரு பென் டிரைவ் வைத்திருக்கிறேன். யாருக்கும் அனுப்பாதே, நெட்டில் போடாதே, அழிக்காதே. இங்கே இருப்பது தொலைந்தால் உன்னிடம் ஒன்று இருக்க வேண்டும். வேலையில் கையுறை இல்லாமல் நிற்காதே. மூடி இல்லாத மெஷினைத் தொடச் சொன்னால் மாட்டேன் என்று சொல், பிறகு எனக்குச் சொல். கர்த்தர் உன் பத்து விரல்களையும் காக்கட்டும்.

உன் அம்மா,
விக்டோரியா சின்னதுரை.

திரையில் எண் வரும்போது கண்ணை மூடிக்கொள்ளாதே. அது நம் வீடு.