ராமப்பன் காலில் வைத்தது

மார்ச் 4, செவ்வாய்

இன்று இரண்டு ஆபரேஷன். இருவருக்கும் முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி இடைவெளி. அதில் வைப்பது மாட்டெலும்பைச் சுத்தம் செய்து தயாரித்த, துளைதுளையான கட்டி. அவரைக்கொடி பந்தலைப் பிடித்து ஏறுகிற மாதிரி, அதைப் பிடித்துக்கொண்டு சொந்த எலும்பு வளரும். கையெழுத்துக்கு முன் இதையெல்லாம் நோயாளிக்குப் புரியவைப்பதுதான் ஆஸ்பத்திரியில் என் வேலை.

மாங்காய் மண்டி மன்சூரிடமும் அவர் மனைவி தஸ்லிமிடமும் எல்லாம் சொன்னேன். பன்றி இல்லை, மாடுதான் என்று அழுத்திச் சொன்னேன். அடுத்த கட்டில், நாகரசம்பட்டி ராமப்பன். மனுஷன் போனில் தன் காளையைக் காட்டுகிறார். எருது விடும் விழாவில் ஓடியதாம். கொம்புக்குப் பெயிண்ட், கழுத்தில் மாலை. மாடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு மருந்துக் கட்டி என்று மட்டும் சொன்னேன்.

"நீ சொன்னா சரி மேகலா கண்ணு" என்று கையெழுத்துப் போட்டார்.

மாடு வேண்டாம் என்றால் செயற்கையிலும் இருக்கிறது. அதையும் சொல்லவில்லை.

மார்ச் 5

ராமப்பன் நலம். அவர் கட்டில் பக்கம் போகாமல் சிஸ்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஜூன் 12, வியாழன்

எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக வளர்ந்திருக்கிறது. ராமப்பன் எனக்கென்று ஒரு பை மாம்பழம் கொண்டுவந்தார். வாங்கிக்கொண்டேன், வெட்கமில்லாமல்.

வெளியே பெஞ்சில் தஸ்லிம் அவரிடம், உங்களுக்கும் எங்க வூட்டுக்காரர் மாதிரி மாட்டெலும்புதானே என்று யதார்த்தமாகக் கேட்டுவிட்டார். ராமப்பன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலை குனிந்தேன். அதுவே பதிலாகிவிட்டது.

கத்துவார் என்று நினைத்தேன். காலைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"முன்னாடியே சொல்லியிருந்தா, அந்த மாட்டை ஒரு கும்புடு கும்புட்டுட்டுப் படுத்திருப்பேன் கண்ணு."

ஜூன் 13

அவர் மனசு நோகக்கூடாது என்றுதான் மறைத்தேன் — பொய்டி மேகலா. தஸ்லிம்கிட்ட சொன்ன வாய் இவர்கிட்ட மட்டும் ஏன் அடைச்சுக்கிச்சு? வேணாம்னுடுவாரோன்னு பயம். ஆபரேஷன் தேதி தள்ளிப்போகும், டாக்டர் திட்டுவார். என் பாட்டைத்தான் பார்த்துக்கிட்டேன். மாம்பழம் பையிலேயே இருக்கு. திங்கவும் முடியல, கொடுக்கவும் முடியல.

நவம்பர் 10, திங்கள்

ராமப்பன் கம்பு ஊன்றாமல் நடந்து வந்தார். உறுத்துகிற ஸ்க்ரூ ஒன்றை எடுக்க வேண்டுமாம். கையெழுத்துக் காகிதத்தோடு போனேன். சாப்பிட்டாயா என்று விசாரித்தார். காளையின் புதுப் படத்தையும் காட்டினார். நான் படிக்கத் தொடங்கியதும் போதும் என்று கை காட்டினார்.

"கோவமெல்லாம் இல்ல கண்ணு. இதை மட்டும் வேற யாராவது சொல்லட்டும்."

சென்னம்மா சிஸ்டரை அனுப்பிவிட்டுக் கதவுக்கு வெளியே நின்றேன். அவர் சொல்லச் சொல்ல, ராமப்பன் ஒவ்வொன்றுக்கும் கேள்வி கேட்டார்.

மார்ச்சில் அன்றைக்கு என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.