பாட்டு டீச்சரின் காதும் ஒரு சின்ன போர்டும்

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

நலம்தான். நீ செய்து கொடுத்த குட்டிக் கம்ப்யூட்டர் அலமாரியில் உட்கார்ந்துகொண்டு, என் மாணவிகள் பாடிப் பதிந்ததையெல்லாம் கேட்ட நேரத்தில் பாடிக் காட்டுகிறது. ஆனால் உன்னிடம் மட்டும் சொல்கிறேன், என் காது போய்விட்டது. எதைப் போட்டாலும் பின்னால் 'உஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல். குரல் மேலே ஏறினால் சொரசொரவென்று உடைகிறது. உன் அத்தானைக் கேட்கச் சொன்னேன். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே, நல்லாத்தான் இருக்கு" என்றார். டாக்டரிடம் போகப் பயம். சுருதி கேட்காத பாட்டு டீச்சர் வகுப்பில் உட்காரலாமா? நேற்றோடு நின்றுகொள்வதாகத் தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

மார்ச் 11

என் அவசரக்குடுக்கை அக்காவுக்கு,

அந்தக் கம்ப்யூட்டரில் ஹெட்போன் துளை பேருக்குத்தான் இருக்கிறது. இரைச்சல் அதன் கூடப் பிறந்தது. ஆடியோ போர்டு என்று உள்ளங்கை அளவு மின்சுற்று அட்டை ஒன்று அனுப்பியிருக்கிறேன். நல்ல ஒலி தருவது மட்டும்தான் அதன் வேலை. முதலில் கரண்டை நிறுத்து. கம்ப்யூட்டரின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஊசிகளுக்கு நேராக இதை வைத்து மெதுவாக அழுத்து, வளைந்தால் போச்சு. ஸ்பீக்கருக்குப் போகும் ஆம்ப்ளிஃபயர் வயரை அந்த ஹெட்போன் துளையிலிருந்து உருவி இதில் செருகு. பிறகு செட்டிங்கில் ஒலி இந்த போர்டு வழியாக வரும்படி மாற்று. அதுவரை காதைத் திட்டாதே.

தம்பி

மார்ச் 24

அன்புள்ள தம்பி,

பார்சல் வந்தும் பிரிக்காமலே வைத்திருந்தேன். மாட்டிய பிறகும் இரைச்சல் இருந்துவிட்டால்? நேற்று அத்தான் கத்தரிக்கோலோடு வந்து, "நீ பிரிக்கலைன்னா நான் பிரிக்கிறேன்" என்றார். அவர் கை பட்டால் ஒரு ஊசியும் மிஞ்சாது என்று நானே உட்கார்ந்தேன்.

முதலில் சத்தமே வரவில்லை. உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். பார்த்தால் செட்டிங்கை மாற்ற மறந்திருக்கிறேன்! மாற்றினேன். பாட்டு தொடங்குவதற்கு முன் அப்படியோர் அமைதி. ஸ்பீக்கரில் காதை வைத்து 'உஸ்'ஸைத் தேடினேன், இல்லை. பிறகு பிள்ளைகள் பாடினார்கள். மேலே ஏறும் முன் ஒருத்தி மூச்சை இழுத்தது கேட்டது. எனக்குக் கேட்டதுடா! தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அத்தானுக்கு அந்த மூச்சு கேட்கவில்லை. காது டாக்டரிடம் அவரைத்தான் அழைத்துப் போக வேண்டும். "வர மாட்டேன்" என்று முறைத்துக்கொண்டிருக்கிறார்.

காலையில் தலைமையாசிரியைக்குப் போன் செய்து, "வேற ஆள் போட்டுட்டீங்களா?" என்றேன், தயங்கித் தயங்கி.

"நான் யாரையும் தேடவே இல்ல டீச்சர். எப்ப வர்றீங்க?"

"இப்பவே" என்று சொல்லிவிட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். மீதியை வந்து எழுதுகிறேன், வகுப்புக்கு நேரமாகிறது.

உன் அக்கா