படிக்காமல் அமுக்கும் அனுமதி

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பில்களைத் தானாகவே சேமிக்கும் புது மென்பொருளை என் சொந்த கிளவுட் கணக்கோடு இணைக்கச் சொன்னார் மேனேஜர். ஆபீஸ் கணக்கு வரத் தாமதமாகுமாம். ‘உங்கள் எல்லாக் கோப்புகளையும் பார்க்க, திருத்த, அழிக்க அனுமதிக்கிறீர்களா?’ என்று கேட்டது திரை. அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட், என் விவாகரத்துப் பத்திரம் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. மாட்டேன் என்றேன்.

“எதுக்கு இத்தனை யோசனை? ‘அலவ்’ பட்டனை அமுக்கும்மா. இதையெல்லாம் யாரு படிக்கிறா?”

“அப்ப உங்க கணக்கைப் போடுங்க சார்.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு வரியாகப் படித்தார். “ஆபீஸ் கணக்கே வரட்டும்” என்று எழுந்து போய்விட்டார்.

இன்கிரிமென்டில் கை வைப்பார், தெரியும். வைக்கட்டும். தன் கணக்கை அவரும் கொடுக்கவில்லையே.